எஞ்சினை எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும்?

எஞ்சினைக் காரின் உடலோடு சேர்த்துத் தாங்கும் ரப்பர்த் துண்டுதான் எஞ்சின் மவுண்ட். அதை மாற்றினால் ஒரு குதிரைத்திறன்கூட ஏறாது. எடையும் குறையாது. பானெட்டைத் திறந்து நண்பர்களிடம் காட்டிப் பெருமைப்படவும் முடியாது, ஏனென்றால் பாதி மவுண்ட் கண்ணுக்கே தெரியாத இடத்தில் இருக்கும். அதனால் பழைய காரை ரேஸுக்குத் தயார் செய்கிறவர்களின் பட்டியலில் அது எப்போதும் கடைசிக்கு முந்தைய வரியில்தான் கிடக்கிறது. கேம், கார்புரேட்டர், சைலன்சர் எல்லாம் முடிந்து காசு மிச்சமிருந்தால் பார்க்கலாம் என்று விட்டுவிடுவார்கள். என்னைக் கேட்டால் டயருக்கும் பிரேக்குக்கும் அடுத்தபடி அதைத்தான் பார்க்கச் சொல்வேன். ஆனால் பார்ப்பது வேறு, இருப்பதிலேயே கெட்டியான ஒன்றை வாங்கி மாட்டுவது வேறு.

என்னுடையது எஞ்சினைக் குறுக்குவாட்டில் வைத்த, முன்சக்கரம் இழுக்கிற நாலு சிலிண்டர் ஹேட்ச்பேக். கியர் கம்பிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போவது கேபிள் அல்ல, இரும்புத் தண்டு. இந்த மாதிரி வண்டிகளில் மவுண்ட் தளர்ந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது கியர் கம்புதான். ஆக்சிலேட்டரை மிதித்தால் கம்பு ஒரு பக்கம் போகும், விட்டால் மறுபக்கம் வரும். கம்பு காரின் உடலோடு இருக்கிறது, தண்டின் மறுமுனை எஞ்சினோடு ஆடுகிறது. வேகமாக ஒரு வளைவில் திரும்பும்போது எஞ்சின் பக்கவாட்டிலும் நகரும். அந்த நேரத்தில் மூன்றாவதிலிருந்து நான்காவதுக்குப் போக நினைத்துக் கம்பை நேராகக் கீழே இழுத்தால் கை இரண்டாவதில் போய் நிற்க வாய்ப்பிருக்கிறது. மூன்றாவதின் விகிதம் 1.3, இரண்டாவதின் விகிதம் 1.9 என்று வைத்துக்கொள்ளுங்கள். 6,500 ஆர்பிஎம்மில் கிளட்சை மிதித்தவர், விடும்போது எஞ்சினை 9,500-க்கு இழுத்து விடுவார். வால்வும் பிஸ்டனும் சந்தித்துக்கொள்ள அது போதும். எஞ்சின் அளவுக்கு மீறிச் சுற்றாமல் நிறுத்தும் லிமிட்டர்கூட இதைத் தடுக்காது. எஞ்சினைச் சுற்றுவது பெட்ரோல் அல்ல, சக்கரம். ஆகவே மவுண்ட் குதிரைத்திறனைத் தராவிட்டாலும் இருக்கிற எஞ்சினைக் காப்பாற்றித் தருகிறது.

மவுண்டுக்கு மூன்று வேலை. எஞ்சினின் எடையைத் தாங்க வேண்டும். முறுக்கு விசையை எதிர்த்து நிற்க வேண்டும். எஞ்சினின் நடுக்கத்தைக் காரின் உடலுக்கு விடாமல் தடுக்க வேண்டும். முதல் இரண்டும் கெட்டியான பொருளைக் கேட்கின்றன, மூன்றாவது மென்மையானதைக் கேட்கிறது. ரப்பர் என்பது இந்தச் சண்டையில் எட்டப்பட்ட சமரசம். எட்டியவர்கள் ரேஸ்காரர்கள் அல்ல, வீட்டுக்கும் ஆபீசுக்கும் போகிறவருக்காகக் கார் செய்தவர்கள்.

இதில் எனக்குப் பிடித்த பழைய உதாரணம் 1931-ல் வந்த பிளிமத் பிஏ என்ற அமெரிக்கக் கார். கிரைஸ்லர் நிறுவனம் அதில் 'ஃப்ளோட்டிங் பவர்' என்ற பெயரில் ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. நாலு சிலிண்டர் எஞ்சினின் முன்பக்கம் உயரத்தில் ஒரு மவுண்ட், பின்பக்கம் கியர்பாக்ஸுக்குக் கீழே தாழ்வாக ஒரு மவுண்ட். இரண்டையும் இணைத்து ஒரு கோடு போட்டால் அது எஞ்சினின் எடைமையம் வழியாகப் போகும். எஞ்சின் தன் இயல்பான அச்சில் ஆட விடப்பட்டது, அந்த ஆட்டம் உடலுக்கு வரவில்லை. அடுத்த ஆண்டே பிரான்சில் சித்ரோயன் அதை உரிமம் பெற்றுப் பயன்படுத்தியது. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ரப்பர் எவ்வளவு கெட்டி என்பதை மட்டும் அல்ல, அது எந்த இடத்தில், எந்தத் திசையில் நிற்கிறது என்பதையும் அவர்கள் கணக்கில் எடுத்தார்கள். இன்று மவுண்ட் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "இது எத்தனை ஷோர்?" என்பதைத்தான். ஷோர் என்பது ரப்பர் போன்ற பொருள்களின் கெட்டித்தன்மையைச் சொல்லும் அளவு. என் மவுண்டுகளில் எது எந்த வேலையைச் செய்கிறது என்று கண்டுபிடித்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி அது.

கொஞ்சம் கணக்குப் போடலாம். எஞ்சின் தருவது 120 நியூட்டன் மீட்டர். முதல் கியரின் விகிதம் 3.5, அதன் பிறகு சக்கரத்துக்கு முன்னால் வரும் கடைசிக் கியர் குறைப்பு 4.1 என்றால் சக்கரங்களுக்குப் போவது சுமார் 1,720. குறுக்கு எஞ்சினில் அந்தக் கடைசிக் குறைப்பைச் செய்து இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலும் கியர்பாக்ஸோடு ஒரே கூட்டில் இருப்பதால் அந்த 1,720-க்கும் எதிர்விசை மவுண்டுகள் மேல்தான் வரும். விசையைத் தாங்கும் இரண்டு மவுண்டுகளுக்கு இடையே அரை மீட்டர் தூரம் என்றால் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 350 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு. இது முறுக்கு விசை சீராக ஏறும்போது. கிளட்சைப் பட்டென்று விட்டால் அதிர்ச்சி இதையும் தாண்டும்.

அதே எஞ்சினை நீளவாக்கில் வைத்துப் பின்சக்கரத்தை ஓட்டினால் கதை மாறும். கடைசிக் குறைப்பின் எதிர்விசையைப் பின்னால் இருக்கிற ஆக்சில் வாங்கிக்கொள்கிறது. எஞ்சின் மவுண்டுகளுக்கு வருவது 120 × 3.5 = 420 மட்டும். நான்கில் ஒரு பங்கு. ஆகவே பின்சக்கர வண்டி வைத்திருக்கும் நண்பர் "எனக்கு 70 ஷோரே போதுமாக இருந்தது" என்றால், அது உங்கள் முன்சக்கர வண்டிக்கும் போதும் என்று பொருள் இல்லை. அவருக்கு வேலை செய்த இரும்பு மவுண்ட் உங்களுக்கும் சரிப்படும் என்றும் இல்லை.

இனி ரப்பருக்கு வயதானால் என்ன ஆகும் என்று பார்க்கலாம். வெப்பம், ஆக்சிஜன், ஓசோன் மூன்றும் சேர்ந்து ரப்பரை இறுக்கி வெடிக்க வைக்கும். எண்ணெய் இதற்கு நேர்மாறு. இயற்கை ரப்பர் எண்ணெயை உறிஞ்சி ஊதி மென்மையாகும். வால்வு கவரிலிருந்து வழிகிற எண்ணெய் நேராக ஒரு மவுண்டின் மேல் சொட்டுகிற வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். எண்ணெய் ஒழுக்கை நிறுத்தாமல் அங்கே புது மவுண்ட் போடுவது வீண். ரப்பரே கிழிவதைவிட மோசமானது, ரப்பர் இரும்புத் தகட்டோடு ஒட்டியிருக்கும் இடம் விட்டுப்போவது. வெளியிலிருந்து பார்த்தால் முழுதாக இருக்கும். சுமை ஏறினால்தான் வாய் பிளக்கும்.

இதன் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1971 டிசம்பர் சாட்சி. 1965 முதல் 1969 வரையிலான மாடல்களில் ஏறக்குறைய 67 லட்சம் செவ்ரலே வண்டிகளை ஜெனரல் மோட்டார்ஸ் திரும்ப அழைத்தது. இடதுபக்க மவுண்டின் ரப்பர் பிரிந்தால், முடுக்கும்போது எஞ்சினின் அந்தப் பக்கம் மேலே எழும்பும். எழும்பிய எஞ்சின் ஆக்சிலேட்டர் இணைப்பை இழுத்துத் திறந்து வைத்துக்கொள்ளும். ஓட்டுநர் காலை எடுத்தாலும் வண்டி பாயும். அதற்குத் தீர்வாக எஞ்சின் மேலே எழாதபடி ஒரு கம்பிக் கயிறு பொருத்தினார்கள், அவ்வளவுதான். நீளவாக்கு எஞ்சின் கொண்ட பழைய வண்டியை ரேஸுக்கு எடுப்பவர்கள் இந்தச் சம்பவத்தை மனதில் வைத்துக்கொண்டு மவுண்ட் தேர்வு செய்வது நல்லது. ரப்பர் முழுசாகப் போனாலும் இரண்டு இரும்புத் தகடுகளும் ஒன்றுக்குள் ஒன்று கொக்கிபோல மாட்டி நிற்கிற வடிவம் கிடைக்கும். கெட்டித்தன்மை எதுவானாலும் அந்த வடிவத்தைத்தான் நான் எடுப்பேன்.

சோதிப்பது எளிது. கைபிரேக், கால்பிரேக் இரண்டும் போட்டு, ஒருவர் முதல் கியரில் கிளட்சை மெதுவாகக் கடிக்குமிடம் வரை விட வேண்டும், அப்புறம் ரிவர்ஸில் அதேபோல. இன்னொருவர் பானெட்டைத் திறந்து பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ நிற்கவே கூடாது. குறுக்கு எஞ்சினின் தலை முன்னோக்கிய கியரில் பின்பக்கம் சாயும், ரிவர்ஸில் முன்பக்கம் வரும். கொஞ்சம் சாய்வது இயல்புதான். 'டக்' என்று இரும்போடு இரும்பு மோதும் சத்தம் வந்தால், அல்லது எந்த மவுண்டிலாவது வெளிச்சம் ஊடுருவும் பிளவு தெரிந்தால், ரப்பரின் கதை முடிந்தது.

இந்த இடத்தில்தான் பலரும் ஒரு படி தாண்டிக் குதிக்கிறார்கள். முப்பது ஆண்டு ஓடிய, பிய்ந்த மவுண்டைக் கழற்றிவிட்டு நேராக ரப்பரைவிடக் கெட்டியான பிளாஸ்டிக் வகையான பாலியூரித்தேனைப் போட்டு, "ஆஹா, என்ன மாற்றம்!" என்கிறார்கள். அந்த மாற்றத்தில் பெரும்பங்கு, மவுண்ட் என்ற ஒன்று மறுபடி இருப்பதால் வந்தது. அந்தக் காரின் அசல் ரப்பரைப் புதிதாகப் போட்டிருந்தாலே அதில் பாதிக்கு மேல் கிடைத்திருக்கும். முதலில் புது அசல் மவுண்டோடு ஓட்டிப் பாருங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் அதுதான். ஆனால் 'புது' என்ற சொல்லில் கவனம் வேண்டும். இருபது ஆண்டு பெட்டியிலேயே கிடந்த ரப்பரும் இருபது வயது ரப்பர்தான். வார்ப்பில் தேதி முத்திரை இருந்தால் பாருங்கள், இல்லையென்றால் வளைத்துப் பிடித்து மெல்லிய வெடிப்புகளைத் தேடுங்கள்.

அசல் போதவில்லை என்றால் அடுத்தது கெட்டி ரப்பர். வடிவம் அதேதான், கலவை மட்டும் வேறு. நிஸ்ஸானுக்கு நிஸ்மோ, டொயோட்டா ஏஇ86-க்கு டிஆர்டி, மாஸ்டா எம்எக்ஸ்-5-க்கு அந்த நிறுவனத்தின் போட்டிப் பிரிவு என்று தயாரிப்பாளர்களே விற்றிருக்கிறார்கள். ரேஸ் விதிகள் கறாராக இருக்கும் பிரிவுகளில் இது ரொம்ப வசதி. மவுண்டின் எண்ணிக்கையையும் எஞ்சின் இருக்கும் இடத்தையும் மாற்றக்கூடாது, நெகிழும் பகுதியின் பொருளை மட்டும் மாற்றலாம் என்கிற விதி பல இடங்களில் உண்டு. எதையும் வாங்குவதற்கு முன் உங்கள் பிரிவின் விதிப்புத்தகத்தைத் திறந்துவிடுங்கள்.

பழைய மவுண்டின் ஓட்டைகளில் இரண்டு பாகப் பாலியூரித்தேனை ஊற்றி நிரப்புவது ஏழையின் வழி என்று பேசுவார்கள். எனக்கு அதில் இளக்காரம் இல்லை. ரப்பர் கிழியாமல் இருக்க வேண்டும், எண்ணெய்ப் பசை துளியும் இருக்கக் கூடாது, உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும், ஈரம் அறவே ஆகாது. யூரித்தேன் ஈரத்தோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடு வெளியிடும், உள்ளே நுரைத்துப் போகும். முழு வலிமை வர ஒரு வாரம் போல விட்டுவிட வேண்டும். ஆனால் அந்த ஓட்டைகள் சும்மா விடப்பட்டவை அல்ல. சிறிய ஆட்டத்துக்கு மென்மையாகவும், பெரிய ஆட்டத்தில் ரப்பர் சுவரில் முட்டிக் கெட்டியாகவும் ஆக வேண்டும் என்பதற்காக விட்ட இடைவெளிகள் அவை. நிரப்பினால் அந்த இரண்டு கட்ட நடத்தை போய்விடும். உள்ளே கிளைகால் என்ற திரவம் நிரப்பிய ஹைட்ராலிக் மவுண்டாக இருந்தால் இந்த வேலையே செல்லாது. அதன் ரகசியம் உள்ளே ஒரு குறுகிய பாதையில் திரவம் ஓடுவதில் இருக்கிறது.

முழுப் பாலியூரித்தேன் மவுண்டுகள் பெரும்பாலும் ஷோர் ஏ அளவில் 60-லிருந்து 95 வரை கிடைக்கின்றன. அசல் ரப்பர் பொதுவாக 45-லிருந்து 60-க்குள். இந்த அளவுகோல் நேர்கோடு அல்ல என்பதை மறந்துவிடக்கூடாது. 60-லிருந்து 80-க்குப் போனால் மூன்றில் ஒரு பங்கு கூடியது என்று தோன்றும். உண்மையில் பொருளின் விறைப்பு இரண்டரை மடங்குக்குப் பக்கத்தில் போய்விடும். போதாததற்கு ரப்பரில் ஓட்டை இருந்த இடத்தில் இங்கே கட்டி.

விறைப்பு கூடினால் நடுக்கம் கூடும் என்று எல்லோருக்கும் தெரியும். எந்த வேகத்தில் கூடும் என்பது சுவாரசியமானது. நாலு சிலிண்டர் எஞ்சின் ஆக்சிலேட்டரைத் தொடாமல் 800 ஆர்பிஎம்மில் ஐடில் ஆகும்போது நொடிக்கு ஏறக்குறைய 27 முறை எரிப்பு நடக்கிறது. மென்மையான மவுண்டில் எஞ்சின் தானாக ஆடும் அதிர்வெண் நொடிக்கு 12 என்று வைத்துக்கொள்வோம். எரிப்பின் அதிர்வெண் அதைவிட 1.4 மடங்குக்கு மேலே இருந்தால் மவுண்ட் நடுக்கத்தை வடிகட்டும். இங்கே இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது, ஆகவே நிம்மதி. விறைப்பை நாலு மடங்காக்கினால் அந்த 12 என்பது 24 ஆகும். இப்போது ஐடில் கிட்டத்தட்ட அதன் தலைமேலேயே நிற்கிறது. மவுண்ட் வடிகட்டுவதை நிறுத்திவிட்டு நடுக்கத்தைப் பெருக்கத் தொடங்குகிறது. உள்கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டி இரண்டாகத் தெரிவதும், 2,500-ஐத் தாண்டியதும் எல்லாம் அடங்குவதும் இதனால்தான். ஐடிலை 1,100 வரை ஏற்றினால் கொஞ்சம் தப்பிக்கலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

மிச்சமிருப்பது முழு இரும்பு அல்லது அலுமினிய மவுண்ட். 1967-ல் நெதர்லாந்தின் ஸாண்ட்வோர்ட்டில் லோட்டஸ் 49 என்ற ஃபார்முலா ஒன் கார் தன் முதல் ரேஸிலேயே ஜிம் கிளார்க்கின் கையில் வென்றபோது அதன் காஸ்வொர்த் டிஎஃப்வி எஞ்சினுக்கு ரப்பரே கிடையாது. எஞ்சினே காரின் எலும்பு. ஓட்டுநர் இருக்கும் கூட்டின் பின்சுவரில் நேராகப் போல்ட் போட்டிருந்தார்கள், பின் சஸ்பென்ஷன் எஞ்சினிலும் கியர்பாக்ஸிலும் தொங்கியது. இதை உதாரணம் காட்டி "ரேஸ் என்றால் இரும்புதான்" என்பவர்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அந்த எஞ்சின் கூடு அந்தச் சுமைக்காகவே வரையப்பட்டது. நம் பழைய காரின் சேஸிஸ் மெல்லிய தகடுகளைப் புள்ளி வெல்டால் ஒட்டியது. அது வளைவில் முறுக்கிக்கொள்ளும். முறுக்கிக்கொள்ளும்போது நடுவில் விறைப்பான எஞ்சின் இருந்தால் அந்த முறுக்கத்தை வாங்கப்போவது கியர்பாக்ஸின் அலுமினியக் காதுகள். ரப்பரைக் கல்லாக்கினால் அது செய்த நெளிவை வேறு ஏதாவது செய்தே ஆக வேண்டும். பிராக்கெட்டின் வெல்ட் ஓரம், ரேடியேட்டர் தாங்கி, ஹெட்லைட் பல்பின் இழை, பெட்ரோல் குழாயின் வளைவு, எது பலவீனமோ அது.

இதனால்தான் நீளவாக்கு எஞ்சினில் இரண்டு பக்கமும் இரும்பு போடுகிறவர்கள்கூடப் பின்னால் கியர்பாக்ஸுக்கு ரப்பரோ பாலியூரித்தேனோ வைக்கிறார்கள். இதைத் திருப்பிப் போட்டால், அதாவது முன்னால் மெத்தென்ற ரப்பரும் பின்னால் இரும்பும் என்றால், எஞ்சினின் ஆட்டம் முழுவதும் கியர்பாக்ஸின் வால்பகுதியில் போய்ச் சேர்ந்து அதை உடைக்கும்.

சரி, நான் என்ன செய்தேன்? என் காரில் நாலு மவுண்ட். இரண்டு ஓரத்தில் இருப்பவை எடையைச் சுமப்பவை. முன்னும் பின்னும் இருப்பவை பெரும்பாலும் முறுக்கத்தை எதிர்ப்பவை, எஞ்சின் ஓய்வில் இருக்கும்போது அவற்றுக்கு அவ்வளவாக வேலை கிடையாது. ஓர இரண்டையும் புது அசல் ரப்பரில் விட்டுவிட்டு, முன்பின் இரண்டை மட்டும் 70 ஷோர் பாலியூரித்தேனுக்கு மாற்றினேன். நடுக்கத்தில் பெரும்பகுதி உடலுக்குள் வருவது எடை சுமக்கும் மவுண்ட் வழியாக. எஞ்சினின் சாய்வைத் தீர்மானிப்பது மற்ற இரண்டும். ஆகவே செலவழித்த விறைப்பு தேவையான திசையில் மட்டும் செலவானது. பழைய மினி வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. 1959-லிருந்தே அந்தக் காரில் எஞ்சினின் தலைப்பக்கம் அதை ஆடாமல் பிடிக்கும் 'ஸ்டெடி பார்' என்ற தண்டு உண்டு. அதன் இரு முனைகளிலும் உள்ள சிறிய ரப்பர் வளையங்களான புஷ்கள் தேய்ந்தால் வண்டி கிளம்பும்போது குலுங்கும், சைலன்சர் குழாய் மேனிஃபோல்டோடு சேரும் இடத்தில் விரியும். மினிக்காரர்கள் அந்தப் புஷ்களை மட்டும் பாலியூரித்தேனாக்கி, கீழே இன்னொரு தண்டைச் சேர்த்து, மீதியை ரப்பரிலேயே விட்டு ரேஸ் ஓட்டுகிறார்கள்.

எனக்குக் கிடைத்த பலனைச் சொல்ல வேண்டும் என்றால், கியர் கம்பு ஒரே இடத்தில் நிற்கிறது. ஸ்டார்ட்டில் டயர் வழுக்கிப் பிடித்து வழுக்கிப் பிடித்து முன்பக்கமே துள்ளும் தொல்லை பெரிதும் குறைந்தது. முழுதாகப் போகவில்லை, ஏனென்றால் அதில் சஸ்பென்ஷன் புஷ்களுக்கும் பங்கு உண்டு. ஆக்சிலேட்டரை வளைவின் நடுவில் விட்டுத் தொடும்போது இடையில் வந்த அந்தச் சின்னத் தாமதம் போனது. லேப் நேரம் இதனால் குறைந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

பொருத்தும்போது சில விஷயங்கள். எஞ்சினை ஜாக்கியில் தாங்கும்போது எண்ணெய்த் தொட்டிக்கும் ஜாக்கிக்கும் நடுவே அகலமான மரக்கட்டை வேண்டும். எல்லா மவுண்டின் போல்ட்டையும் கையால் மட்டும் போட்டு, எஞ்சினை முன்னும் பின்னும் ஆட்டி, தானாக உட்காரவிட்டுத்தான் டார்க் ரெஞ்சை எடுக்க வேண்டும். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் மவுண்ட் பிறக்கும்போதே முறுக்கிக்கொண்டு பிறக்கும். சைலன்சரின் முதல் தாங்கியைத் தளர்த்தாமல் இதைச் செய்தால் சைலன்சரே ஐந்தாவது மவுண்டாகி எஞ்சினை ஒரு பக்கம் இழுத்துப் பிடிக்கும். எஞ்சினுக்கும் உடலுக்கும் நடுவே போகும் எர்த் பட்டையை மறக்காமல் மாட்டுங்கள். ரப்பரும் பாலியூரித்தேனும் மின்சாரம் கடத்தாது. பட்டை இல்லையென்றால் ஸ்டார்ட்டர் மோட்டாரின் மின்னோட்டம் ஆக்சிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் வழியாகத் திரும்பும், கேபிள் புகையும்.

பிராக்கெட் உட்காரும் தகட்டைப் பெயின்ட் சுரண்டிப் பாருங்கள். புள்ளி வெல்டைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருந்தால் கெட்டி மவுண்டு அதை வளர்க்கும். வெடிப்பின் முனையில் துளையிட்டு, வெல்ட் செய்து, மேலே இன்னொரு தகடு வைத்துத் தைத்த பிறகு மவுண்டைப் பற்றிப் பேசலாம். முதல் ஓட்டம் முடிந்து எஞ்சின் ஆறியதும் எல்லாப் போல்ட்டையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

என் காரில் இன்னும் தீராதது பின் மவுண்ட். சைலன்சர் குழாய் அதை உரசுவதுபோலப் போகிறது. பாலியூரித்தேன் எண்ணெய்க்கு அஞ்சாது, ஆனால் வெப்பத்துக்கு அஞ்சும். 100 டிகிரி பக்கம் போனால் மென்மையாகி மெல்லப் பிதுங்க ஆரம்பிக்கும். இப்போதைக்கு நடுவில் அலுமினியத் தகடு ஒன்றைக் காற்றிடைவெளி விட்டு நிறுத்தி, குழாய்க்கு வெப்பப் பட்டை சுற்றியிருக்கிறேன். ஓர் ஓட்டம் முடிந்ததும் கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. ஓரத்தில் சற்றே பளபளப்பு ஏறியிருக்கிறது. அடுத்த முறை எஞ்சினை இறக்கும்போது அந்த ஒன்றை மட்டும் கெட்டி ரப்பருக்கு மாற்றிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.